கறுப்பு மஸ்கவாடோ: பொங்கலுக்குச் சரி, டீக்கு வேண்டாம்

மொரீஷியஸில் எங்கள் ஊரான ஃப்ளாக்கின் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய அரைக் கிலோ பாக்கெட். மொரீஷியஸ் கரும்பில் எடுத்த, சுத்திகரிக்காத கறுப்புச் சர்க்கரை. மேலே விவசாயிகளுக்கு நியாயமான வியாபாரம் என்று சொல்லும் ஃபேர்ட்ரேட் முத்திரை. குறையும் சொல்லப் போவதால் கம்பெனிப் பெயர் வேண்டாம்.

சர்க்கரை அருமை. பிரித்ததும் அறுவடைக் காலத்தில் ஆலைப் பக்கம் அடிக்கும் அதே பாகு வாசனை. ஈரப்பதம் இருப்பதால் விரலில் ஒட்டும். பொங்கலில் வெல்லத்துக்குப் பதிலாகப் போட்டேன். நிறம் கறுத்தது, நாக்கில் லேசான கசப்பு நின்றது, ஆனால் மாமியாரே இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். கரைத்து வடிகட்டும் வேலையும் இல்லை. வனிலா டீயில் மட்டும் போட்டுவிடாதீர்கள், வனிலா இருந்த இடமே தெரியாது.

இனி அந்த முத்திரை. இந்த ஊர்க்காரி என்பதால் அதைச் சும்மா விட முடியவில்லை. இங்கே கரும்பு விலைக்கு ஒரு பழைய கதை உண்டு. ஊபா என்று ஒரு கரும்பு. நார் அதிகம், சர்க்கரை குறைவு, ஆனால் மோசமான நிலத்திலும் வரும். சிறு விவசாயிகள் அதைத்தான் நட்டார்கள். 1937இல் ஆலைக்காரர்கள் அதற்கான விலையை 15 சதவீதம் குறைத்தார்கள். வெட்டிய கரும்பை வேறெங்கே கொண்டுபோவது? ஆகஸ்ட் 13 அன்று யூனியன் ஃப்ளாக் எஸ்டேட்டில் விவசாயிகளும் கூலியாட்களுமாகத் திரண்டவர்கள்மீது எஸ்டேட் தரப்பு சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். ஹூப்பர் விசாரணைக் குழு வந்தது. அடுத்த வருடம் தொழிலாளர் சங்கம் வைக்கச் சட்டமும் வந்தது.

முத்திரை இருந்தால் குறைந்தபட்ச விலை உறுதி என்றுதானே நினைப்போம்? காப்பிக்கு உண்டு, கரும்புச் சர்க்கரைக்குக் கிடையாது. டன்னுக்கு 60 டாலர் கூடுதல் தொகை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகிறது, அதை எதற்குச் செலவழிப்பது என்று சங்கம் கூடி முடிவு செய்யும். என் பாக்கெட்டுக்குக் கணக்குப் போட்டால் 3 சென்ட். 2006இல் தொடங்கி நான்கே வருடத்தில் ஐரோப்பிய யூனியன் எங்கள் சர்க்கரைக்குக் கொடுத்த விலையை 36 சதவீதம் வெட்டியது. அப்படி அடிபட்டவர்களுக்கு எதுவும் இல்லாததற்கு இது பரவாயில்லை. ஆனால் அந்த 3 சென்ட் கணக்கைப் பாக்கெட்டின் பின்னால் அச்சடிக்கலாமே. சிரித்துக்கொண்டே கரும்பு வெட்டுகிறவர் படத்துக்கு இடம் இருக்கிறது! (வெட்டும்போது யார் சிரிக்கிறார்கள்?)

வெள்ளைச் சர்க்கரையைவிட விலை கூடத்தான், ஆனாலும் அடுத்த தைக்கும் வாங்குவேன். பாக்கெட்டில் ஜிப் இல்லை, அப்படியே வைத்தால் கல்லாகிவிடும். பிரித்த உடனே டப்பாவில் கொட்டி இறுக்கி மூடுங்கள்.