காசு கொடுத்து வாங்கிய பேக்லிங்க்குகள்: நான்கு வருடம் கழித்து

குன்னூர் நண்பர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். வீட்டு மாடியில் இரண்டு அறைகளைப் புதிதாக வாடகைக்கு விட ஆரம்பித்திருக்கிறார். "அண்ணா, பன்னிரண்டாயிரம் கட்டினா ஐந்நூறு பேக்லிங்க் போட்டுத் தர்றாங்களாம், மூணு மாசத்துல கூகுள்ல முதல் பக்கமாம். கட்டிரலாமா? இல்ல, நேர் வழியில போனா அதுக்கு அஞ்சுக்கு எத்தனை மார்க் கொடுப்பீங்க?" என்றார். பேக்லிங்க் என்றால் மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு; அது கூடினால் கூகுள் தேடலில் மேலே வரலாம் என்பது கணக்கு. போனில் கோபத்தில் ஏதேதோ சொல்லிவிட்டேன். அதனால் இப்போது ஆற அமர எழுதுகிறேன்.

கோத்தகிரியில் எங்கள் ஹோம்ஸ்டேக்கு 2021-இல் நானும் இதே மாதிரி ஒரு பேக்கேஜ் வாங்கினேன். உள்ளதைச் சொல்ல வேண்டும், அது வேலை செய்தது. இரண்டாவது மாதமே 'கோத்தகிரி ஹோம்ஸ்டே' என்று தேடினால் முதல் பக்கத்தில் வந்தோம். அந்த டிசம்பரில் ஒரு சனி, ஞாயிறுகூட அறை காலியாக இல்லை.

2022 பிப்ரவரியில், தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில் அறிவிப்பு வந்தது. இயற்கைக்கு மாறான இணைப்புகளுக்காகக் கூகுள் ஊழியர்களே பார்த்துப் போடும் தண்டனை, அதாவது மேனுவல் ஆக்‌ஷன். அடுத்த வாரத்திலிருந்து போன் அடிப்பது நின்றது.

இணைப்புப் பட்டியலை இறக்கி ஒவ்வொன்றாகத் திறந்தேன். முதலில் ஒரு பல் வைத்தியக் கட்டுரை. வேர் சிகிச்சைக்குப் பிறகு என்ன சாப்பிடலாம் என்று போய்க்கொண்டிருக்கிறது. நடுவில், முன்னும் பின்னும் சம்பந்தமில்லாமல், நீல எழுத்தில் 'கோத்தகிரி ஹோம்ஸ்டே'. அடுத்தது ரம்மி தளம். அங்கேயும் அதே இரண்டு சொல். நானூற்றுச் சொச்சம் வரிகளில் முந்நூறுக்கு மேல், எழுத்துப் பிசகாமல் அதே இரண்டு சொல். முந்நூறு பேர் நம்மைப் பற்றிப் பேசினால் முந்நூறு விதமாகத்தான் பேசுவார்கள். 2012 ஏப்ரலில் கூகுள் பெங்குவின் என்ற வடிகட்டியைக் கொண்டுவந்ததே இந்த மாதிரி வேலைகளைப் பிடிக்கத்தான். 2016-இல் அது தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் மைய அல்காரிதத்தோடு சேர்ந்த பிறகு, இப்படிப்பட்ட லிங்க்குகளைப் பெரும்பாலும் செல்லாக்காசாக்கிவிட்டுப் போய்விடுகிறது. அப்படியானால் கட்டிய பணம் மட்டும்தான் நஷ்டம். எனக்கு வந்ததோ கூகுள் ஊழியர் ஒருவர் பார்த்துப் போட்ட தண்டனை.

இன்றைக்கும் மனதை அறுப்பது அதற்குப் பிறகு நடந்த துப்புரவு வேலைதான். ஊரான் வீட்டுச் சுவர்களில் நம் பெயரில் நோட்டீஸ் ஒட்டியாயிற்று. கிழிக்க நமக்கு உரிமை கிடையாது. தளம் தளமாக மின்னஞ்சல் அனுப்பினேன். பெரும்பாலும் பதிலே இல்லை. இரண்டு பேர் நீக்குவதற்குப் பணம் கேட்டார்கள். விற்றவர்களோ அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். மிச்சத்தை, 'இந்த இணைப்புகளைக் கணக்கில் எடுக்காதே' என்று கூகுளிடம் சொல்லும் டிஸ்அவோ கோப்பில் வரிவரியாகத் தட்டச்சு செய்து ஏற்றினேன். முதல் மறுபரிசீலனை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இரண்டாவதில் தண்டனை நீங்க ஜூலை ஆகிவிட்டது. சீசன் போயே போய்விட்டது. தண்டனை நீங்கினாலும் பழைய இடம் வரவில்லை. நம்மைத் தூக்கி நிறுத்தியதே அந்த லிங்க்குகள்தான், அவற்றுக்கு மதிப்பில்லை என்று ஆன பிறகு எப்படி வரும்? இதை விற்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை.

விளம்பரத்துக்குப் பணம் கொடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. கட்டண இணைப்புக்கு 'ஸ்பான்சர்ட்' என்று குறியிடும் வழியை 2019-இலேயே கூகுள் கொடுத்துவிட்டது. குறியிட்டால் தரவரிசை ஏறாது, ஆள் வரலாம். அது நேர்மையான வியாபாரம்.

அப்புறம் நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. என் மனைவி தினமும் காலையில் லாங்வுட் சோலைப் பக்கம் நடக்கப் போவாள். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு நீலகிரிச் சிரிப்பான் கூவியது என்று நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அதை அப்படியே தளத்தில் போட்டோம். 2024-இல் லாங்வுட், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததும் அந்தப் பக்கத்தைத் தேடி ஆட்கள் வந்தார்கள். ஒரு கல்லூரிப் பறவைக் குழு தங்கள் பக்கத்திலிருந்து இணைப்புக் கொடுத்தது. அதில் இருந்த சொற்கள்: 'கோத்தகிரி அக்கா ஒருவரின் காலைக் குறிப்புகள்'. ஹோம்ஸ்டே என்ற சொல்லே இல்லை. அதைத் திரையில் பார்த்தபோது வந்த சந்தோஷம் முதல் பக்கத்தில் வந்த அன்றுகூட வரவில்லை. அந்த மே மாதம் நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தபோது, அரசுப் பேருந்தில் வந்தால் பாஸ் தேவையில்லை என்பதில் தொடங்கி, போனில் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதிப் போட்டேன். அதற்கும் தானாக இணைப்புகள் வந்தன. வருகிற விருந்தினர்களில் பாதிப் பேர் இந்த இரண்டு பக்கங்களைப் படித்துவிட்டு வருகிறவர்கள்.

எனவே தம்பி, அந்தப் பன்னிரண்டாயிரத்தைக் கட்டாதே. அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஆனால் நேர் வழியில் போனால் இந்த சீசனுக்கே அறை நிரம்பும் என்று உன்னிடம் பொய் சொல்லவும் மனம் வரவில்லை. எனக்கு இரண்டு வருடம் ஆனது. உனக்கு லோன் தவணை அடுத்த மாதமே இருக்கிறது. அந்தப் பன்னிரண்டாயிரத்தில் ஒரு பகுதியைப் போட்டு கட்டபெட்டு சந்திப்பில் ஒரு போர்டு வை, இதுவரை வந்து தங்கியவர்களுக்குப் போன் செய். பக்கங்களை மழைக்காலத்தில் உட்கார்ந்து எழுதலாம்.

நேர் வழிக்கு ஐந்துக்கு எத்தனை என்று கேட்டாய். இன்றைக்கு இரண்டுதான் கொடுப்பேன். நான் வாங்கிய அதே மாதிரி லிங்க்குகளை வைத்திருக்கும் இன்னொரு தளம், இன்று காலை தேடிப் பார்த்தபோதும் எங்களுக்கு மேலேதான் இருந்தது.