பேஜ் நம்முடையது, பிடி ஏஜென்சியிடம்: சின்னக் கடை நடத்துபவர்கள் கவனத்துக்கு

சின்னாளபட்டியில் எங்களுக்குச் சுங்குடிச் சேலை வியாபாரம். வெளியூர் ஆர்டர் பெரும்பாலும் ஃபேஸ்புக் பேஜ் வழியாகத்தான் வரும். அந்தப் பேஜ் இப்போது இல்லை. யாரும் ஹேக் செய்யவில்லை, ஃபேஸ்புக்கும் முடக்கவில்லை. அதைப் பார்த்துக்கொள்ள மாதாமாதம் எங்களிடம் காசு வாங்கிய டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சியே அழித்துவிட்டது.

வேலையை ஒப்படைக்கும்போதே கேட்டோம். "உங்களை அட்மினா போட்டாச்சுண்ணே, செக் பண்ணிக்கங்க" என்றான் அந்தப் பையன். பேஜை நிர்வகிக்க ஃபேஸ்புக் தரும் பிசினஸ் சூட்டைத் திறந்தால் பேஜ் வந்தது. போஸ்ட் போட முடிந்தது, விலை கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல முடிந்தது. பிறகுதான் தெரிந்தது, பேஜைத் தொடங்கியதே அவர்களுடைய போர்ட்ஃபோலியோவுக்குள் (ஒரு நிறுவனத்தின் பேஜ், விளம்பரக் கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக வைத்திருக்கும் ஃபேஸ்புக் கணக்கு). எனக்குத் தந்தது வெறும் 'டாஸ்க் அக்சஸ்', அதாவது சில வேலைகளை மட்டும் செய்யும் அனுமதி. கடையில் வேலை பார்க்கிற பையனுக்குக் கல்லாவில் உட்கார இடம் கொடுத்த மாதிரி. ஆளைச் சேர்க்கவோ நீக்கவோ எனக்கு உரிமை கிடையாது.

தீபாவளிக்கு முன்னால் ரேட்டை ஏற்றினார்கள். கட்டுப்படியாகாது, நிறுத்திக்கொள்கிறோம் என்றோம். உடனே 'ஹேண்ட்ஓவர் சார்ஜ்' என்று ஒரு தொகை கேட்டார்கள். எங்கள் பேஜை எங்களிடம் தர எதற்குக் காசு என்று அப்பா சத்தம் போட்டார். சில நாளில் பேஜைக் காணவில்லை. கேட்டதற்கு ஒரு வாய்ஸ் நோட்: "தவறுதலா டெலீட் ஆயிருச்சுண்ணே, அடுத்த மாசம் தானா வந்துரும், நீங்க எதையும் தொடாதீங்க."

அங்கேதான் வினை. டெலீட் கொடுத்த பேஜ் 30 நாள் வரை உயிரோடு இருக்கும். அதற்குள் ஃபுல் கண்ட்ரோல், அதாவது பேஜின் முழு அதிகாரம், இருப்பவர் நினைத்தால் சுலபமாக மீட்டுவிடலாம். 30 நாள் தாண்டினால் போனது போனதுதான். தொழிலே இதுதான் என்கிறவர்களுக்கு இது தெரியாதா? அந்த ஒரு மாதத்தையும் சாக்குச் சொல்லியே கடத்தினார்கள். அதன்பின் போனையும் எடுக்கவில்லை.

இதை ஒரு குரூப்பில் புலம்பியதும் அடுத்த கூட்டம் வந்தது. "இன்ஸ்டாவில் இவரைப் பிடிங்க, என் அக்கவுண்டை மீட்டுத் தந்தார்" என்று வேறு வேறு பெயரில் ஒரே வாசகம், எழுத்துப் பிழைகூட மாறாமல். அதில் ஒரு ஆள் எடுத்த எடுப்பிலேயே ஓடிபி கேட்டார். பிளாக் செய்துவிட்டேன்.

இப்போதே உங்கள் பேஜுக்கு மாறி, செட்டிங்ஸில் 'பேஜ் அக்சஸ்' பாருங்கள். மேலே 'ஃபேஸ்புக் அக்சஸ்' வரிசையில் உங்கள் பெயர் 'ஃபுல் கண்ட்ரோல்' என்று இருக்க வேண்டும். கீழே 'டாஸ்க் அக்சஸ்' வரிசையில் இருந்தால் நீங்கள் முதலாளி இல்லை. அந்தப் பக்கமே திறக்கவில்லை என்றாலும் அதே அர்த்தம்தான். வீட்டில் நம்பிக்கையான இன்னொருவருக்கும் ஃபுல் கண்ட்ரோல் கொடுங்கள், ஒருவர் அக்கவுண்ட் முடங்கினாலும் பேஜ் அநாதையாகாது. போர்ட்ஃபோலியோ உங்கள் பெயரில் இருக்கட்டும். ஏஜென்சியை அதில் 'பார்ட்னர்' ஆக (பேஜ் நம்மிடமே இருக்க, வேலை செய்ய மட்டும் அனுமதி) சேர்த்தாலே விளம்பரம் ஓட்ட அவர்களுக்குப் போதும். அதற்கு மேல் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். இரண்டடுக்குப் பாதுகாப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு கோடும் கேட்கும் வசதி) ஆன் செய்தால் ஃபேஸ்புக் 10 ரெக்கவரி கோடு தரும். அதைத் தாளில் எழுதி வையுங்கள், போன் தொலைந்தால் அதுதான் கைகொடுக்கும். படங்களுக்கும் அவ்வப்போது ஒரு காப்பி இறக்கி வைப்பது நல்லது.

ஃபேஸ்புக்கே முடக்கினால் கதை வேறு. முதலில் அவர்களிடம் அப்பீல், பிறகு அவர்களுடைய குறைதீர் அதிகாரி. அந்தப் பதிலும் சரியில்லை என்றால் 30 நாளுக்குள் ஒன்றிய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2023இல் அமைத்தது, எல்லாமே ஆன்லைன், கட்டணம் கிடையாது. எங்கள் விஷயத்தில் அது பொருந்தாததால் சைபர் கிரைம் போலீஸில் மனு கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கியிருக்கிறோம். பில், வாய்ஸ் நோட், வாட்ஸ்அப் சாட் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறோம்.

மனு விசாரணையில் இருப்பதால் ஏஜென்சி பெயர் கேட்டு இன்பாக்ஸ் வராதீர்கள். எங்களிடம் சேலை எடுத்தவர்கள் யாராவது பழைய கலர் படங்களைச் சேமித்து வைத்திருந்தால் மட்டும் அனுப்புங்கள்.