மீன் பிழைக்கிறது, நத்தை சாகிறதா? பழைய பவளத் தொட்டி வாங்குமுன் இதைப் படியுங்கள்

குறைந்த செலவில் வீட்டில் பவளத் தொட்டி, அதாவது உயிருள்ள பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி, வைக்க ஆசைப்பட்டு, யாரிடமாவது பழைய செட் ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறீர்களா? முன்பணம் கொடுப்பதை இரண்டு நாள் தள்ளிப்போட்டுவிட்டு இதைப் படித்துவிடுங்கள். விற்றவர் மறைத்த ஒரே ஒரு விஷயத்தால் எட்டு மாத உழைப்பும், பார்த்துப் பார்த்துச் சேர்த்த பணமும், அதைவிட பதினைந்துக்கும் மேற்பட்ட உயிர்களும் என் வீட்டுத் தொட்டியில் போயின. அந்த விஷயம் காப்பர், அதாவது செம்பு.

செட் விவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 200 லிட்டர் கண்ணாடித் தொட்டி, ஸ்டாண்ட், கீழே சம்ப் என்ற வடிகட்டும் தொட்டி, நுரையோடு கழிவை நீக்கும் ஸ்கிம்மர், ஹீட்டர், எல்இடி விளக்கு, 20 கிலோ லைவ் ராக் (பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் குடியேறிய பாறை), மணல். புதிதாக வாங்கினால் ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்குதான் கேட்டார். பழைய தொட்டிகளை வாங்கி விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர், மீனும் விற்கிறார். "இது எதற்கு ஓடிய தொட்டி?" என்று கேட்டேன். "பவளம் வளர்த்த தொட்டி தம்பி" என்று சொல்லி செல்போனில் படம் காட்டினார். நீல வெளிச்சத்தில் பச்சையும் ஆரஞ்சுமாகப் பவளங்கள் மின்னின. "ராக் எல்லாம் நல்லாப் பழுத்த ராக். புழு பூச்சி ஒண்ணு கிடையாது, அவ்வளவு சுத்தம். இன்னைக்கு வச்சா இந்த வாரமே மீன் விடலாம்" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் ஏமாந்தேன். உப்புநீர்த் தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். அம்மோனியா மீனைக் கொல்லும், நைட்ரேட் ஓரளவு வரை பரவாயில்லை. இந்த பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் பெருகி நிலைக்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஓடிக்கொண்டிருந்த தொட்டியின் பாறையில் அவை ஏற்கெனவே குடியிருக்கும், அதனால் காத்திருப்பு மிச்சம். வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் கழித்துப் பார்த்தேன். அம்மோனியா பூஜ்ஜியம், நைட்ரைட் பூஜ்ஜியம். ஒரு ஜோடி கிளவுன் மீன் விட்டேன். மறுநாளே தீனி எடுத்தன. விற்றவர் நல்ல மனிதர் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு மாதத்தில் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புப் பாசி படர்ந்தது. புதுத் தொட்டியில் அது இயல்பு, நத்தை விட்டால் மேய்ந்துவிடும் என்று ஆறு டர்போ நத்தைகள் வாங்கி விட்டேன். இரண்டாம் நாள் காலையில் நான்கு நத்தைகள் மணலில் மல்லாந்து கிடந்தன. நிமிர்த்தி வைத்தேன், கண்ணாடியைப் பிடிக்கக்கூட அவற்றுக்குத் தெம்பில்லை. அந்த வாரத்துக்குள் ஆறும் போயின.

விற்றவருக்குப் போன் செய்தேன். "உப்பு அளவு சரியில்லாம இருக்கும் தம்பி" என்றார். நத்தைகள் உப்பு மாற்றத்தைத் தாங்காது என்பது உண்மைதான். செட்டோடு அவர் கொடுத்திருந்த, நீரின் அடர்த்தியை வைத்து உப்பைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் 1.025 என்றது. கடல்நீருக்கு அது சரியான அளவு. சந்தேகப்பட்டு, ஒளி விலகலை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்றை வாங்கி, ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புள்ள அளவுக் கரைசலால் சரிபார்த்து அளந்தால் 1.021! காரணம் கிடைத்துவிட்டது என்று நம்பினேன். பத்து நாள் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக உப்பை 1.026-க்குக் கொண்டுவந்தேன். மறுபடி ஆறு நத்தைகள். மறுபடி அதே கதை.

அப்புறம் கிளீனர் இறால். முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் அந்தச் சிவப்பு இறால் மீனின் உடம்பைச் சுத்தம் செய்யும், நாம் கையை விட்டால் விரல் நகத்தையும் கிளறிப் பார்க்கும். என் மகள் அதற்காகவே பள்ளியிலிருந்து ஓடி வந்தாள். இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலந்து பழக்கித்தான் தொட்டிக்குள் விட்டேன். மூன்றாம் நாள் ஒன்றும் நான்காம் நாள் இன்னொன்றும் இறந்தன. "தோல் உரிக்கிறப்ப அயோடின் போதாம செத்திருக்கும்" என்று தொட்டி விற்றவர் ஓர் அயோடின் பாட்டிலை விற்றார். இன்னும் இரண்டு இறால் வாங்க வைத்தார். அவையும் போயின. களை போல எங்கும் பரவும் கிரீன் ஸ்டார் பாலிப் என்ற பவளத்தை வைத்தேன். ஒரு நாளும் விரியவில்லை. "லைட்டு பத்தலை" என்று புது விளக்கு விற்றார். இப்படி ஒவ்வொரு சாவுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது, ஒவ்வொரு காரணத்துக்கும் விற்க ஒரு பொருளும் இருந்தது. இதைக் கவனிக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது.

பல வருடமாகப் பவளம் வளர்க்கும் ஓர் அக்காவிடம் கடைசியில் போய் முறையிட்டேன். நான் குறித்து வைத்திருந்த அளவுகளை எல்லாம் நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "மீன் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். நன்றாகச் சாப்பிடுகிறது, ஒரு குறையும் இல்லை என்றேன். "மீன் நல்லா இருக்கு, நத்தையும் இறாலும் மட்டும் சாகுதுன்னா முதல்ல காப்பரைப் பாருங்க" என்றார்.

அதன் பின்னணி இதுதான். கடல் மீன்களுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்குக் காரணம் கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி. அது மீனை விட்டு இறங்கித் தண்ணீரில் நீந்தித் திரியும் கட்டத்தில் காப்பர் அதைக் கொல்லும். காப்பர் சல்ஃபேட் வகை மருந்தானால் 0.15 முதல் 0.20 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வரை வைப்பார்கள். மீன் அதைத் தாங்கும். நத்தை, இறால், பவளம், அனிமோன் எதுவும் தாங்காது. இறாலின் ரத்தமே செம்பை வைத்துத்தான் ஆக்சிஜனைச் சுமக்கிறது, ஆனாலும் தண்ணீரில் கரைந்த செம்பு கொஞ்சம் கூடினால் அதற்கு நஞ்சு. திறந்த கடலில் ஒரு லிட்டர் நீரில் இருக்கும் செம்பு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவு. அந்த நீரில் வாழ்ந்து பழகிய உயிர்கள் இவை.

அதனால் காப்பர் வைத்தியத்தைத் தனித் தொட்டியில், பாறையும் மணலும் இல்லாமல் செய்ய வேண்டும். பாறையும் பவள மணலும் கால்சியம் கார்பனேட். அவை காப்பரை இழுத்துத் தம்மோடு பிடித்துவைத்துக்கொள்ளும். தண்ணீரில் அளவு குறைகிறதே என்று மறுபடி மருந்து ஊற்றுவார்கள், பாறை அதையும் வாங்கிக்கொள்ளும். பின்னால் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். தண்ணீரை எத்தனை முறை மாற்றினாலும் ஊற்று பாறைக்குள்ளேயே இருக்கிறது.

காப்பர் டெஸ்ட் கிட் வாங்கினேன், பூஜ்ஜியம் காட்டியது. இங்கே நிறையப் பேர் ஏமாந்து நிற்பார்கள். நான் வாங்கிய கிட்டில் பூஜ்ஜியத்துக்கு அடுத்த நிறமே 0.25 பிபிஎம். நத்தையைக் கொல்ல அதில் சிறு பங்கு போதும். அந்த அக்கா சொல்லித்தான் பாலி ஃபில்டர் என்ற பட்டையை சம்பில் வைத்தேன். காப்பரை உறிஞ்சினால் அது நீலமாகும். பத்து நாளில் ஓரமெல்லாம் நீலம் ஏறியது. நீரில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று அளக்கும் ஐசிபி பரிசோதனைக்கும் தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். லிட்டருக்கு 40 மைக்ரோகிராமுக்கு மேல் செம்பு என்று வந்தது. நான் ஊற்றுவது ஆர்ஓடிஐ முறையில் உப்பும் உலோகமும் நீக்கிய தண்ணீர், கரைந்த பொருளைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் பூஜ்ஜியம். பித்தளைக் குழாய், இணைப்பு எதுவும் என் வீட்டு அமைப்பில் இல்லை. வேறு எங்கிருந்து வரும்?

ஆய்வகக் காகிதத்தோடு தொட்டி விற்றவரிடம் நேரில் போனேன். முதலில் மறுத்தார். அங்கே உதவிக்கு இருந்த பையன்தான், அவர் உள்ளே போன நேரத்தில், "அண்ணா, அது மருந்துத் தொட்டி. வர்ற மீனையெல்லாம் ரெண்டு வருஷமா அதுலதான் போட்டு வைப்போம்" என்று சொல்லிவிட்டான். எனக்குக் காட்டிய படம் வேறு யாருடைய தொட்டியோ. திரும்பி வந்தவரிடம் கேட்டபோது கூச்சமே இல்லாமல், "மீன் நல்லாத்தானே இருக்கு? பவளம் ஆசை இருந்தா ராக்கை ஒரு தடவை கொதிக்க வச்சு எடுங்க, எல்லாம் போயிடும்" என்றார்.

இந்த யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கொதிக்கவைப்பதால் செம்பு போகாது, அது உலோகம். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. லைவ் ராக்கில் பொத்தான் போல ஒட்டியிருக்கும் ஜோவாந்தஸ், பாலிதோவா என்ற பவள இனத்து உயிர்கள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற நஞ்சு இருக்கிறது. ஹவாயில் கிடைத்த பாலிதோவாவிலிருந்து 1971-இல் பிரித்தெடுத்து அறிவிக்கப்பட்ட இது, இயற்கையில் கிடைக்கும் மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று. பாறையைக் கொதிக்கவைத்தாலோ வெந்நீர் ஊற்றித் தேய்த்தாலோ நீராவியோடு மூச்சில் ஏறும். வெவ்வேறு நாடுகளில் இப்படிக் குடும்பமே மருத்துவமனைக்குப் போயிருக்கிறது. தன் சரக்கின் குறையை மூடி மறைக்க ஒருவர் இப்படி ஒரு யோசனை சொல்கிறார் என்றால், அவர் விற்ற எதையும் நம்ப முடியாது. அவர் கொடுத்த டெஸ்ட் கிட்களின் தேதியை அன்றுதான் திருப்பிப் பார்த்தேன். காலாவதியாகி இரண்டு வருடம். ஸ்கிம்மர் மோட்டாரும் தேய்ந்து போனது.

இப்போது யோசித்தால், முதல் நாளே அந்தப் பாறை எனக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறது. "புழு பூச்சி ஒண்ணு கிடையாது" என்றாரே, அதுதான் அடையாளம். உயிருள்ள பாறையில் உயிர் இருக்க வேண்டும். ஊதா நிறக் கோரலைன் பாசி ஒட்டியிருக்கும், சின்ன வெள்ளைச் சுருள் குழாய்களில் புழுக்கள் இருக்கும். இரவில் விளக்கணைத்து டார்ச் அடித்தால் மயிர்ப்புழு நெளியும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கோப்பிபாட் என்ற நுண்ணிய உயிர்கள் ஓடும். காப்பர் பட்ட பாறையில் இவை எதுவும் மிஞ்சாது. அதனால் பழைய செட் வாங்குவதென்றால், தொட்டி தண்ணீரோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்ப் பாருங்கள், முடிந்தால் இருட்டிய பிறகு. உள்ளே ஒரு நத்தையாவது ஊர்கிறதா என்று பாருங்கள். அது உங்களுக்கு எந்த டெஸ்ட் கிட்டையும்விட நம்பகமான சாட்சி. கலைத்துக் காயவைத்த செட்டைத் தந்து, படத்தை மட்டும் காட்டுபவரிடம் பாறையும் மணலும் வாங்க வேண்டாம். காப்பர் போட்டதுண்டா என்று நேரடியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லாக இருந்ததால் அவர் சுலபமாக மாற்றிப் பேசினார்.

செலவைக் குறைக்க வேறு இடம் இருக்கிறது. கண்ணாடியும் ஸ்டாண்டும் பழையதாக வாங்கலாம். பாறைக்குக் காய்ந்த டிரை ராக் போதும், லைவ் ராக்கைவிட மலிவு. பொறுமை மட்டும் வேண்டும். ஆர்ஓடிஐ தண்ணீரிலும் ரிஃப்ராக்டோமீட்டரிலும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

நான் என்ன செய்தேன் என்றால், மீன்களை ஹீட்டரோடு ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றிவிட்டு மணலையும் பாறையையும் முழுக்க வெளியே எடுத்தேன். கண்ணாடியை வினிகர் நீரால் பலமுறை கழுவி, குழாய்களைப் புதிதாக மாற்றி, டிரை ராக் வைத்து, பாக்டீரியா பெருகி நிலைக்க முதலிலிருந்து காத்திருந்தேன். ஐந்து வாரம் ஆனது. முதலில் ஒரே ஒரு நத்தையை விட்டேன். இரண்டு வாரமாகிறது, கண்ணாடியில் அது மேய்ந்த தடம் தினமும் தெரிகிறது. இறாலுக்கு இன்னும் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன், மகள் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் விற்றவரே கூப்பிட்டார். பாறையைத் திருப்பிக் கொடுத்தால் கொஞ்சம் பணம் தருவதாகச் சொன்னார். அந்தப் பணம் எனக்கு உதவியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அதே பாறை, அதே படத்தோடு இன்னொருவர் வீட்டுக்குப் போகும். தர முடியாது என்று சொல்லிவிட்டேன். 20 கிலோவும் சாக்கில் கட்டிக் கிடக்கிறது, மேலே "காப்பர் பட்டது, தொட்டிக்கு ஆகாது" என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.