நிலாவுக்கு பார்சல் சர்வீஸ்: ரெண்டு தடவையும் நேரலை பாத்தவன் ரிவ்யூ

முதல்லயே சொல்லிடுறேன், நான் இந்த கம்பெனில எதுவும் வாங்கல, வாங்குற நெலமையிலயும் இல்ல. ஐஸ்பேஸ்னு டோக்கியோல இருக்குற தனியார் கம்பெனி, காசு வாங்கிக்கிட்டு அடுத்தவன் சாமான நிலாவுல கொண்டு போய் எறக்குறது தான் தொழில், அதாவது பார்சல் சர்வீஸ். நான் ஓசில நேரலை பாத்த கேஸு. ஆனா ரெண்டு தடவையும் கடைசி வரைக்கும் தூங்காம பாத்திருக்கேன், அந்த உரிமைல எழுதுறேன்.

முதல் தடவ 2023 ஏப்ரல் 25, நம்ம டைமுக்கு ராத்திரி பத்து மணி தாண்டி எறங்கணும். திருவையாறு பக்கம் சித்திர மாசம் எப்புடி இருக்கும்னு தெரியும்ல, உள்ள படுக்க முடியாது, மொட்டமாடில பாய விரிச்சு நானும் சித்தப்பாவும் போன வச்சுக்கிட்டு உக்காந்துட்டோம். மேற்கால பிறை எறங்கிக்கிட்டு இருக்கு, அத பாக்குறதா போன பாக்குறதான்னு ஆயிடுச்சு. திட்டத்தோட பேரு ஹகுட்டோ, வெள்ள முயல்னு அர்த்தமாம், அவங்க ஊருல நிலாவுல முயல் மாவு இடிக்குது, நம்மூர்ல பாட்டி வடை சுடுறா, எப்புடியோ ரெண்டு ஊருக்கும் பசி நேரத்துல தான் நிலா தெரிஞ்சிருக்கு.

நேரலைய குறை சொல்ல மாட்டேன். வண்டி எறங்குறத எடுக்க அங்க யாரு கேமரா வச்சிருக்கா, அதனால வர்ற டேட்டாவ வச்சு ஒரு அனிமேஷன் ஓட்டுறாங்க, கூடவே கன்ட்ரோல் ரூம காட்டுறாங்க. அனிமேஷன விட அந்த ரூமு தான் பாக்க வேண்டியது. எறங்க வேண்டிய நேரம் தாண்டுது, ஒருத்தரும் பேசல, ஸ்க்ரீனயே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க, ஹார்வெஸ்ட் நேரத்துல மழை புடிச்சுக்கிட்டா களத்துல நிப்போமே அதே நிப்பு. அப்புறம் கம்பெனி தலைவர் ஹகமடா வந்து தொடர்பு போயிடுச்சு, எறக்க முடியலன்னு தான் எடுத்துக்கணும்னு நேராவே சொல்லிட்டாரு. கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்து ரெண்டு வாரம் கூட ஆகல அப்போ, மனுஷனுக்கு எப்புடி இருந்திருக்கும். உள்ள அமீரகத்தோட ரஷீத் ரோவர் (நிலாத் தரையில ஓடுற குட்டி வண்டி) வேற இருந்துச்சு, அதுவும் போச்சு.

எனக்கு புடிச்சது அதுக்கப்புறம் நடந்தது தான். ஒரே மாசத்துல, மே 26ந்தேதி, ஏன் விழுந்துச்சுன்னு வெளக்கமா வெளியிட்டாங்க. வண்டி எறங்கி வர்ற வழில ஒரு பள்ளத்தோட விளிம்ப தாண்டுது, அங்க தரை திடீர்னு மூணு கிலோமீட்டர் மாறுது. உயரம் அளக்குற சென்சார் சரியா தான் சொல்லிருக்கு. ஆனா சாஃப்ட்வேர், இவ்ளோ பெருசா எப்புடி மாறும், சென்சார் கெட்டுப்போச்சு போலன்னு முடிவு பண்ணி அத ஒதுக்கி வச்சிட்டு தன் கணக்கையே நம்பிருச்சு. கணக்குப்படி தரை வந்தாச்சு, நெசத்துல இன்னும் அஞ்சு கிலோமீட்டர் மேல. அங்கனயே மெதுவா எறங்கி எறங்கி தரையத் தேடிருக்கு, எரிபொருள் தீந்துச்சு, தொப்புன்னு விழுந்துருச்சு. இதுல கொடுமை என்னன்னா எறங்குற எடத்த பின்னாடி தான் மாத்திருக்காங்க, புது வழிக்கு இந்த மேடு பள்ளத்த வச்சு சரியா ஒத்திகை பாக்கல.

சித்தப்பாவுக்கு இத சொன்னப்ப ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, "மதகுல தண்ணி சரசரன்னு ஏறுது, லஸ்கர் (மதகு பாத்துக்குற ஆளு) அளவுகல்ல பாத்துட்டு கல்லு பொய் சொல்லுதுன்னு வீட்டுக்கு போயிட்டான், அதானடா?"ன்னாரு. அதே தான் சித்தப்பா. எங்களுக்கு இன்னொரு சந்தேகமும் வந்துச்சு, மூணு கிலோமீட்டர் மேடுன்னா எப்புடி இருக்கும்னு. இந்த பக்கத்துல ஒசரம்னா பெரிய கோயில் விமானம், 216 அடி, அதுக்கு மேல எங்களுக்கு கற்பனையே வராது.

ரெண்டாவது 2025 ஜூன் 6, நம்ம டைமுக்கு நடுராத்திரி 12.45 மணி போல. மேட்டூர் தெறக்க ஒரு வாரம் இருக்கு, நாத்தங்கால் வேலைக்கு காலைல ஆள் வரணும், அப்பயும் முழிச்சிருந்தோம். இந்த தடவ வண்டி பேரு ரெசிலியன்ஸ், உள்ள ஒரு குட்டி ரோவரும், ஸ்வீடன் நாட்டு கலைஞர் ஒருத்தர் செஞ்ச பொம்ம சைஸ் செவப்பு வீடும். அந்த வீட்டுக்காகவே எறங்கணும்னு வேண்டிக்கிட்டேன், திங்களூர் சந்திரனுக்கு ஒரு நெய் விளக்கும் நேந்துக்கிட்டேன் (இன்னும் பாக்கி). எறங்குறதுக்கு முன்னாடியே டேட்டா நின்னுருச்சு. அதே ரூமு, அதே நிப்பு.

இந்த தடவயும் காரணம் சொன்னாங்க, தரை எவ்ளோ தூரத்துல இருக்குன்னு அளக்குற லேசர் கருவில கோளாறு, அளவு லேட்டா வந்துச்சு, வேகத்த கொறைக்க நேரம் பத்தல. முன்னாடி சாஃப்ட்வேர், இப்ப கருவி, வேற வேற தப்பு தான் ஒத்துக்கிறேன், ஆனா ரெண்டு தடவயும் மாட்டுனது தரை எங்க இருக்குங்குற எடத்துல. இங்க தான் ஸ்டார் கொறைக்கிறேன். அதே ராக்கெட்ல கூட ஏறிப் போன ஃபயர்ஃப்ளை கம்பெனியோட ப்ளூ கோஸ்ட் மார்ச் 2ந்தேதியே ஜம்முனு எறங்கிருச்சு, அத நெனைக்க நெனைக்க வயிறு எரியுது.

நேரலைக்கும், மூடி மறைக்காம காரணம் சொன்னதுக்கும் அஞ்சுக்கு நாலு. பார்சல் சர்வீஸுக்கு ஒண்ணு. சித்தப்பா அதுவும் கூடங்குறாரு, சாமான் போய் சேரலன்னா ஸ்டார் எதுக்குடாங்குறாரு.

அடுத்தத பாக்கப் போறவங்களுக்கு: டோக்கியோ டைம்லேந்து மூன்றரை மணி நேரத்த கொறச்சா நம்ம டைம், நான் முதல் தடவ தப்பா கூட்டி காலைல அஞ்சு மணிக்கு எந்திரிக்கப் பாத்தேன். கரண்ட நம்பாதீங்க, போன்ல சார்ஜ் ஏத்தி வச்சுக்குங்க.