பிறந்த மண்ணா, வாழ்ந்த மண்ணா? நாட்டின் முதல் நாற்காலிக்கு எது தகுதி?

செட்டிநாட்டில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். புருஷன் ரங்கூனுக்கோ பினாங்குக்கோ கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போயிருந்தாலும் பிள்ளை பிறந்தது காரைக்குடியில், அம்மாவைப் பெற்ற ஆயா வீட்டில். இன்றைக்குத் திசை மாறிவிட்டது. மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள், பேறுகாலம் பார்க்க ஆத்தா இங்கிருந்து விமானம் ஏறுகிறார். பிறந்த இடமும் வாழும் இடமும் வேறு வேறாக இருப்பது நமக்குப் பழகிய விஷயம். அதனால்தான் இந்தக் கேள்வியை நாம் கவனித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

அக்கா தங்கை பிள்ளைகள் இருவர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் நியூஜெர்சியில் பிறந்து, மூன்று வயதில் காரைக்குடிக்கு வந்து இங்கேயே படித்து வளர்ந்தவன். இன்னொருவன் காரைக்குடியில் பிறந்து, கைக்குழந்தையாக ஹூஸ்டன் போய், அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, அங்கேயே வேரூன்றியவன். அமெரிக்க அதிபராகும் தகுதி யாருக்கு? முதலாமவனுக்குத்தான். திரும்பிப் போய் 14 ஆண்டு வசித்து, 35 வயதும் ஆகிவிட்டால் போதும். இரண்டாமவன் அந்நாட்டு ராணுவத்திலேயே சேர்ந்து பணியாற்றியிருந்தாலும் அந்தக் கதவு திறக்காது. பிறவிக் குடிமகனாக இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. வெளிநாட்டார் ஆதிக்கம் வந்துவிடக் கூடாது என்று 1787-இல் பயந்தார்கள். புதிதாக முளைத்த நாட்டுக்கு அந்தப் பயம் நியாயம். இன்றைக்கு என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

இந்தியா பிறப்பைக் கேட்பதில்லை. குடியரசுத் தலைவராகக் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது நிறைந்திருக்க வேண்டும், மக்களவைக்குப் போட்டியிடும் தகுதி வேண்டும், அரசிடம் சம்பளம் பெறும் ஆதாயப் பதவி எதிலும் இருக்கக் கூடாது. பிரதமர் பதவிக்கும் பிறந்த இடம் தடையில்லை. கேட்டிருந்தால்தான் வம்பு. நம் பிரதமர்களாக இருந்த ஐ.கே. குஜ்ராலும் மன்மோகன் சிங்கும் பிறந்த ஊர்கள் இன்று பாகிஸ்தானில் இருக்கின்றன. டெல்லியில் பிறந்த முஷாரஃப் பாகிஸ்தான் அதிபரானார். கோடு போட்டுப் பிரித்த நாட்டில் பிறந்த மண்ணை அளவுகோலாக வைத்தால் எத்தனை பேரை இழந்திருப்போம்!

சரி, நம் விதியில் ஓட்டையே இல்லையா? இருக்கிறது. தேர்தலுக்கென்று இத்தனை ஆண்டு இங்கே வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. குடியுரிமை தரும்போதுதான் வசிப்புக் கணக்கைப் பார்க்கிறார்கள். நியூஜெர்சியில் பிறந்து காரைக்குடியில் வளர்ந்த அந்தப் பையனிடம் இருக்கும் ஓ.சி.ஐ. அட்டையை (இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும் அட்டை) வைத்துக்கொண்டு ஓட்டுப் போட முடியாது, குடியரசுத் தலைவர் தேர்தலிலும் நிற்க முடியாது. ஆனால் அட்டை வாங்கி ஐந்து ஆண்டு ஆகி, கடைசி ஓராண்டு இந்தியாவில் வசித்திருந்தால், அமெரிக்கக் குடியுரிமையை விட்டுவிட்டு இந்தியக் குடிமகனாகப் பதிய விண்ணப்பிக்கலாம். இங்கேயே வளர்ந்தவனுக்கு அது சரி. வெளியிலேயே வாழ்ந்துவிட்டு வருகிறவருக்கும் அதே ஓராண்டு என்பது ரொம்பக் குறைவு.

நம்மவர்கள் தொழில் செய்த மற்ற ஊர்களையும் பார்த்துவிடலாம். மலேசியாவில், வெளிநாட்டவராக இருந்து பிற்பாடு இயல்புரிமை (naturalisation) முறையில் குடியுரிமை பெற்றவர் பிரதமராக முடியாது. பர்மாதான் மிகக் கடுமை. 2008 அரசியலமைப்புப்படி தாய் தகப்பன் இருவரும் அந்நாட்டில் பிறந்த குடிமக்களாக இருக்க வேண்டும், பிள்ளைகள் வெளிநாட்டுக் குடிமக்களாக இருக்கக் கூடாது. அந்நாட்டு ஜனநாயகக் கட்சித் தலைவி ஆங் சான் சூச்சியின் மகன்கள் பிரிட்டிஷ் குடிமக்கள் என்பதால், தேர்தலில் அவர் கட்சி வென்றும் அவரால் அதிபராக முடியவில்லை. 2016-இல் அவருக்காக வேறொரு பதவியை உருவாக்க வேண்டி வந்தது. மக்கள் தேர்ந்தெடுத்தவரைப் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டைக் காட்டித் தடுப்பது அநியாயம்.

சிங்கப்பூர் அதிபருக்கு 45 வயது, 10 ஆண்டு வசிப்பு. பிறந்த இடத்தைக் கேட்பதில்லை. ஆனால் தனியார் துறையிலிருந்து வருகிறவர் பொதுவாக 50 கோடி சிங்கப்பூர் டாலர் பங்குதாரர் நிதி (சொத்தில் கடன் போக மிஞ்சுவது) உள்ள நிறுவனத்தை நடத்தியிருக்க வேண்டும் என்கிறார்கள். அந்த நிபந்தனை எனக்கு உடன்பாடில்லை. அந்த 10 ஆண்டு வசிப்பை மட்டும் நம் விதியோடு சேர்த்துக்கொள்ளலாம் என்பேன்.