‘ஹெவி டியூட்டி’ ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்: 1,85,000 ரூபாய், பதினொரு நாள்

இதை எழுதும்போது என் பிக்கப் மார்த்தாண்டத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்டாண்டு மேல் நிற்கிறது. கியர் பாக்ஸ் பக்கத்தில் ஒரு பழைய டயர் மேல் கிடக்கிறது, அடியில் உள்ள ஆயில் பேனைக் கழற்றியாச்சு. பேனுக்குள் இருந்ததை இன்று காலை விரலால் தொட்டுப் பார்த்தேன். கறுப்புச் சேறு, அதற்குள் மினுமினுவென்று இரும்புத்தூள். இந்தக் குப்பைக்கு நான் கொடுத்தது 1,85,000 ரூபாய்.

விற்றவர் பெயரையும் விளம்பரம் வந்த தளத்தின் பெயரையும் எழுதவில்லை, வக்கீல் வேண்டாம் என்கிறார். பழைய பொருள் வாங்க, விற்க நம்மில் பாதிப் பேர் போனில் வைத்திருக்கும் மாதிரியான ஒரு ஆப். அதில் ‘ரீபில்ட் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ், வாரண்டி உண்டு’ என்று, அதாவது பழசைப் பிரித்துப் புதுப்பித்தது என்று, விளம்பரம் போட்ட ஒரு வெளியூர்க் கடை. அது போதும். இப்படிப்பட்ட கியர் பாக்ஸ் வாங்கும்போது என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இன்று ராத்திரியும் தூக்கம் வராது.

எனக்குக் குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பர் உண்டு. டபுள் கேபின், ஃபோர் வீல் டிரைவ், டீசல் வண்டி. ரப்பர் பால் பேரல், ஒட்டுப்பால் மூட்டை, உரம் எல்லாம் அதில்தான். பிள்ளைகளை ஸ்கூலில் விடுவதும் அம்மாவை நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும் அதே வண்டிதான். இடது முழங்காலில் ஆபரேஷன் செய்த பிறகு கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால் ஆட்டோமேட்டிக் எடுத்தேன். ஆட்டோமேட்டிக் என்றால் பெலம் இல்லாதது என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பையே பாருங்கள், ஒரே 2.8 லிட்டர் இன்ஜின்தான், மேனுவலில் 420 என்.எம். டார்க் (சுழற்றி இழுக்கும் பெலம்), ஆட்டோமேட்டிக்கில் 500 என்.எம். என்று கம்பெனியே கொடுக்கிறது. கியர் பெட்டி நன்றாக இருந்தால் ஆட்டோமேட்டிக் எந்தச் சுமையும் இழுக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வண்டியை ரீமேப் செய்தேன், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரில் உள்ள புரோகிராமை மாற்றிப் பெலம் கூட்டினேன். 360 என்.எம். இருந்தது 430 பக்கம் போயிருக்கிறது என்று டியூன் செய்தவர் கணக்குக் காட்டினார். ஓட்டவும் அருமையாக இருந்தது. ஆனால் இன்ஜினுக்குப் பெலம் கூட்டினால் அதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற கியர் பாக்ஸுக்கும் அதே அளவு சுமை கூடும் என்பதை அன்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் என்று ஒன்று இருக்கிறது. அது எண்ணெயைச் சுழற்றித்தான் பெலத்தைக் கடத்துகிறது. வேகம் பிடித்த பிறகு உள்ளே லாக்-அப் கிளட்ச் பிடித்துக்கொள்ளும், அப்போது வழுக்கல் இல்லை, சூடும் இல்லை. ஊர்ந்து போகும்போது லாக்-அப் பிடிக்காது, எல்லாப் பெலமும் எண்ணெயில்தான் வழுக்கும், எண்ணெய் கொதிக்கும். நான்கு பேரல் ரப்பர் பாலை ஏற்றிக்கொண்டு மழை நாளில் மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழேயும் தக்கலையிலும் சுங்கான்கடையிலும் ஊர்ந்து ஊர்ந்து போகிற வண்டிக்கு என்ன ஆகும்? இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு மாறும்போது இன்ஜின் மட்டும் உறுமி வண்டி நகராமல் நிற்கத் தொடங்கியது. பேச்சிப்பாறை ஏற்றத்தில் ஒரு நாள் கருகிய நாற்றம் வந்தது. சிவப்பாக இருக்க வேண்டிய கியர் ஆயில் கட்டன் காப்பி நிறத்தில் இருந்தது.

அப்போது மூன்று வழி இருந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் முழுப் பெட்டியையும் மாற்ற நாலரை லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட் போட்டார்கள். மார்த்தாண்டத்து மெக்கானிக், ஆசான் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம், என் பெட்டியையே பிரித்து உள்ளே இருக்கிற கிளட்ச் பிளேட்டும் சீலும் மாற்றலாம், கன்வெர்ட்டரை மட்டும் வெளியே அனுப்பிச் சரிசெய்யணும், சாமான் வர மூன்று நாலு வாரம் ஆகும் என்றார். மூன்றாவதுதான் இந்த விளம்பரம். ஐப்பசி மழை, தோட்டத்தில் கிடைக்கிற நாலு நாள் வெட்டுப் பாலை உடனே கொண்டுபோக வேண்டும், மூன்று வாரம் வண்டி இல்லாமல் முடியாது என்று நினைத்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் இல்லை. பத்து நாள் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து படித்தேன். அமெரிக்காவில் பெரிய பிக்கப்களில் பெலம் கூட்டி ஓட்டுகிறவர்களுக்கு இது பழைய பிரச்சினை. அங்கே டி.எச். 400 என்று ஒரு பெட்டி உண்டு, இரும்பு மாதிரி உழைக்கும், ஆனால் மூன்றே கியர், ஓவர்டிரைவ் (வேகத்தில் போகும்போது இன்ஜினை மெதுவாகச் சுற்றவிடும் உயர் கியர்) கிடையாது, லாக்-அப்பும் கிடையாது. ரேஸுக்குச் சரி, தினமும் ஹைவேயில் ஓட்டினால் இன்ஜின் கத்திக்கொண்டே இருக்கும். அதே குடும்பத்தில் வந்த 4எல்80இ-யில் நாலாவதாக ஓவர்டிரைவும் லாக்-அப்பும் உண்டு. அதனால்தான் தினசரி ஓட்டுகிறவர்கள் அதைத் தேடுகிறார்கள். அந்தப் பெட்டிகள் நம் வண்டிக்குப் பொருந்தாது, ஆனால் விஷயம் பொருந்தும். வெறும் பெலம் போதாது, ஓவர்டிரைவும் உறுதியான லாக்-அப்பும் வேண்டும், ஆயிலுக்குத் தனிக் கூலரும் வேண்டும். இதை முடிவு செய்துகொண்டுதான் விளம்பரம் போட்ட கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

நான் ஏன் நம்பினேன் என்று சொல்கிறேன். நான் கேட்பதற்கு முன்னாலேயே அவர் எல்லாவற்றையும் சொன்னார். “ரீமேப் பண்ண வண்டியா அண்ணாச்சி? அப்ப சாதா கன்வெர்ட்டர் தாங்காது, லாக்-அப்புக்கு மூணு பிளேட் போட்டுத் தாரேன், உங்க ஊர் ஏத்தத்துக்கு அதுதான் சரி” என்றார். பத்து நாள் படித்து நான் கண்டுபிடித்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். உங்க ஊர் எது என்று கேட்டேன். அம்மா வீடு இரணியல் பக்கம் என்றார். சின்ன வயசில் திற்பரப்பு அருவியில் குளித்த கதை, மட்டிப்பழம் இப்போதும் ஊரிலிருந்து வருகிறது என்ற பேச்சு. அப்புறம் வீடியோ கால். பச்சைத் தார்ப்பாய் விரித்த மேசையில் பெட்டி, பக்கத்தில் ப்ரெஷர் கேஜ், முள் ஏறி நிற்கிறது. “பாத்தீங்களா அண்ணாச்சி, ப்ரெஷர் அசையவே இல்ல.” அதே காட்சியை வீடியோவாகவும் அனுப்பினார். ஆறு மாதம் வாரண்டி என்று வாட்ஸப்பில் எழுதிக் கொடுத்தார். மனைவி பின்னால் நின்று, “பில்லு தருவாரான்னு கேளுங்க” என்றாள். கேட்டேன். “ஜி.எஸ்.டி. பில் போட்டா முப்பத்தி மூவாயிரம் கூடும் அண்ணாச்சி, உங்களுக்கு எதுக்கு அது, நான் இருக்கேன்லா” என்றார். அந்த ‘லா’வில் நம் ஊர் வாசம் அடித்தது. அந்த இடத்தில்தான் விழுந்தேன்.

50,000 அட்வான்ஸ் ஜிபேயில், மீதி 1,35,000 பேங்க் வழியாக. மொத்தம் 1,85,000 ரூபாய். ஒரு வெட்டு சீசனின் மிச்சம் அது.

எட்டாம் நாள் கோட்டாறு லாரி ஆபீஸில் பெட்டி வந்து இறங்கியது. புத்தம் புதுசாக வெள்ளிப் பெயின்ட். வாடகை என் தலையில். ஆசான் பெட்டியைச் சுற்றி வந்து ஒரு இடத்தைத் தடவிப் பார்த்தார். நம்பர் தகடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ரிவெட் ஓட்டை மட்டும் இருந்தது. “மக்களே, தகட எதுக்கு எடுத்தான்?” என்றார். போன் செய்தேன். பெயின்ட் அடிக்கும்போது எடுத்தது, பையனிடம் சொல்லி கூரியரில் அனுப்புகிறேன் என்றார். இன்றுவரை வரவில்லை.

பெட்டியை ஏற்றினோம். பழைய பெட்டியின் தூள் தங்கியிருக்கும் என்று ஆசான் கூலரையும் பைப்பையும் புதுசாகவே மாற்றினார். ஆயிலும் கம்பெனி சொன்ன அதே ஆயில், வெப்பம் பார்த்து அளவு வைத்தார். பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பார்க்கிற ஸ்டால் டெஸ்ட் போட்டபோது இன்ஜின் வேகம் இருக்க வேண்டியதற்கு மேல் போனது. உள்ளே கிளட்ச் வழுக்கினாலோ ப்ரெஷர் குறைந்தாலோதான் அப்படிப் போகும். அதையும் போனில் சொன்னேன். “புது பிளேட்டு அண்ணாச்சி, செட் ஆக ஐநூறு கிலோமீட்டர் ஓடணும்.”

ஐநூறு கிலோமீட்டர் ஓடவே இல்லை. பெட்டியை ஏற்றிய பதினொராம் நாள் சாயங்காலம் குழித்துறைப் பாலத்தைத் தாண்டி வரும்போது அம்மா வண்டியில் இருக்கிறார்கள், சுமை எதுவும் இல்லை, டி-யில் போட்டால் வண்டி அசையவில்லை. பின்னால் பஸ்காரர் ஹார்ன் அடிக்கிறார், மழை. எழுபத்தி நாலு வயசு அம்மாவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, யார் யாரோ சேர்ந்து தள்ளி ஓரம் கட்டினோம்.

பிரித்துப் பார்த்த பிறகுதான் ஆத்திரம் தலைக்கு ஏறியது. கிளட்ச் பிளேட் எல்லாம் பழசு, ஓரம் கருகியது. கன்வெர்ட்டர் இரண்டு பாதியாக வெல்டிங் செய்து மூடி வருகிற பொருள். உள்ளே பிளேட் மாற்ற வேண்டுமென்றால் லேத்தில் வைத்து அந்த வெல்டிங்கை அறுத்துத் திறந்து, திரும்ப வெல்டிங் செய்து, பேலன்ஸ் பார்க்க வேண்டும். ஆசான் பெயின்ட்டைச் சுரண்டிக் காட்டினார். கம்பெனி வெல்டிங் அப்படியே இருந்தது. அந்தக் கன்வெர்ட்டரை யாரும் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை! மூன்று பிளேட்டும் பொய், புது கிளட்சும் பொய். விற்றவர் அனுப்பிய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம், கேஜ் மாட்டியிருந்த பெட்டியின் ஆயில் பேன் வேறு வடிவம். எனக்குக் காட்டியது ஒரு பெட்டி, அனுப்பியது வேறு பெட்டி.

அதற்குப் பிறகு அவர் பேசிய பேச்சு இருக்கிறதே! முதல் நாள், ஆயில் தப்பாக ஊற்றியிருப்பீர்கள் என்றார். ஆயில் கேன் படம் அனுப்பினேன். இரண்டாம் நாள், மாட்டினவருக்கு வேலை தெரியாது என்றார், முப்பது வருஷமாக இதே வேலை செய்கிற மனுஷனைப் பற்றி. மூன்றாம் நாள், ரீமேப் செய்த வண்டிக்கு வாரண்டி கிடையாது என்றார். ரீமேப் செய்த வண்டிக்கென்றே விற்ற பெட்டி இது! அவர் எழுதியதையே திருப்பி அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அப்புறம் ஒரு பையன் போனை எடுத்தான். பெட்டியை உங்கள் செலவில் திருப்பி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம் என்றான். எழுத்தில் தா என்றால், முதலாளி மாலை போட்டிருக்கிறார், மலைக்குப் போயிருக்கிறார், வந்ததும் பேசுவார் என்றான். அண்ணாச்சி போய் இப்போது ‘சார்’ ஆகிவிட்டேன். நேற்று மூன்றாவது நம்பரிலிருந்து கூப்பிட்டேன், என் குரல் கேட்டதும் கட் செய்துவிட்டார்கள்.

ஆப்காரர்களிடம் புகார் கொடுத்தேன். வாங்குகிறவரையும் விற்கிறவரையும் சேர்த்து வைப்பது மட்டும்தான் எங்கள் வேலை, பணம் எங்கள் வழியாக வரவில்லை என்று ஒரு பதில். இரண்டு நாளில் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று மெசேஜ். என்ன தீர்ந்தது? 1,85,000 ரூபாய் என் கைக்கு வந்ததா? லாரி வாடகை, ஆயில், கூலர், ஆசான் கூலி எல்லாம் தனி. அவர் பாதிக் கூலிதான் வாங்கினார், அதுவே எனக்குச் சங்கடம்.

இனி என்ன பார்க்க வேண்டும் என்பது. விளக்கமாக எழுதுகிறேன் என்றேன், கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். நம்பர் தகடு இல்லாத பெட்டியை லாரி ஆபீஸிலிருந்து எடுக்காதீர்கள். ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்றால் பெட்டியும் அதற்குரியதுதானா, உங்கள் வண்டி கம்ப்யூட்டரோடு பேசுமா என்று நம்பரை வைத்துப் பாருங்கள். கன்வெர்ட்டர் மாற்றினேன் என்றால் அறுத்துத் திறந்த படம் கேளுங்கள், பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் எடுத்ததாக இருக்கணும். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். முடிந்தால் உங்கள் சொந்தப் பெட்டியையே கண் முன்னால் பிரிக்கிற ஆளிடம் கொடுங்கள், மூன்று வாரம் போனால் போகட்டும். ரீமேப் செய்தவர்கள் தனிக் கூலர் போடுங்கள், ஆயில் வெப்பத்தை ஓ.பி.டி.யில் (வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கிற கருவி) பாருங்கள், ஏற்றத்தில் சுமையோடு ஊரும்போது லோ கியரில் போடுங்கள்.

ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகார் எண் வாங்குங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடைக்காரர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை என்று வக்கீல் சொன்னார். திங்கட்கிழமை நாகர்கோவிலுக்குப் போகிறேன். வாட்ஸப் மெசேஜ் எல்லாம் பிரின்ட் எடுத்தாச்சு, பேங்க் ஸ்டேட்மென்டும் லாரி ரசீதும் கையில் இருக்கிறது.

இன்று மத்தியானம் அதே ஆப்பில் அதே பச்சைத் தார்ப்பாய், அதே கேஜ், அதே படம் வேறு பெயரில் வந்திருக்கிறது. விலை இப்போது 1,70,000. நம் மாவட்டத்தில் டி.என். 74, டி.என். 75 வண்டிக்காரர்கள் யாராவது அந்தப் படத்தைப் பார்த்து அட்வான்ஸ் அனுப்பியிருந்தால் மீதியை அனுப்பாதீர்கள், உடனே என்னிடம் பேசுங்கள். ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தாலும் பேசுங்கள், திங்கட்கிழமைக்குள் தெரிந்தால் வக்கீலிடம் சேர்ந்தே போகலாம்.