நன்கொடைக் கணினிகளில் லினக்ஸ்: ஆறாண்டுப் பள்ளி அனுபவம்

நான் பணிபுரியும் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளிக்கு 2019 ஜூன் மாதம் ஒரு நிறுவனம் தன் பழைய கணினிகள் பன்னிரண்டை வழங்கியது. அலுவலகத் தரவு வெளியே போய்விடக் கூடாது என்று வன்தட்டுகளைக் கழற்றிக்கொண்டே கொடுத்ததால், எங்களிடம் வந்து சேர்ந்தவை வெறும் பெட்டிகள்தாம். பத்தில் கோர் 2 டியோ செயலியும் 2 ஜிபி நினைவகமும் இருந்தன. மற்ற இரண்டிலும் இருந்தது 32 பிட் எனப்படும் பழைய வகை மென்பொருளை மட்டுமே இயக்கும் பென்டியம் 4 செயலி. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடியவிருந்தது, விண்டோஸ் 10 அந்த நினைவகத்தில் தள்ளாடும், உரிமத்துக்குப் பணமும் கிடையாது. எனவே முன்னாள் மாணவர்கள் வாங்கித் தந்த எஸ்எஸ்டி என்னும் வேகமான சேமிப்பகங்களைப் பத்துக்கும், கடையில் கிடைத்த பழைய வன்தட்டுகளை மற்ற இரண்டுக்கும் பொருத்தி, எல்லாவற்றிலும் இலவச லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 19இன், பழைய கணினிகளுக்கு ஏற்ற இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவினேன்.

பிள்ளைகளுக்கு இது என்ன இயங்குதளம் என்ற கேள்வியே எழவில்லை. சுட்டியைத் தொட்டே அறியாத மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஜிகாம்ப்ரி என்ற சிறுவர் கல்வி மென்பொருளில் உட்கார வைத்தேன். அதில் சுட்டியை நகர்த்த நகர்த்தத் திரையை மூடியிருக்கும் கட்டங்கள் அழிந்து, அடியிலுள்ள படம் தெரியவரும். இரண்டு வகுப்புகளில் கை பழகிவிட்டது. தமிழ்த் தட்டச்சுக்கு ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகத் தமிழ் 99 விசைப்பலகையை அமைத்தேன். உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் வலக்கைக்கும் பிரிந்திருப்பதை அட்டையில் வரைந்து சுவரில் ஒட்டினோம். ‘அம்மா’ என்று அடிக்கும்போது மகர விசையை இருமுறை அழுத்தினாலே முதல் மகரத்தின் மேல் தானாகப் புள்ளி விழுவதைப் பார்த்த ஒரு சிறுமி, அன்று ‘அக்கா’, ‘பாட்டி’, ‘தாத்தா’ என்று வீட்டிலுள்ள அத்தனை பேரையும் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

தொல்லையெல்லாம் ஆசிரியர்களாகிய எங்கள் கோப்புகளால் வந்தது. வெளியிலிருந்து வரும் வினாத்தாள்கள் பாமினி எழுத்துருவிலோ வானவில் எழுத்துருவிலோ இருக்கும். லினக்ஸோடு வரும் லிப்ரெஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக விரியும். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவைப் போர்த்திய எழுத்துருக்கள் அவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகிவிடுகிறது. தமிழக அரசு 2010இலேயே, தமிழ் எழுத்துகளுக்கெனத் தனி எண்களைக் கொண்ட பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடை ஏற்று ஆணையிட்டும் இப்பழக்கம் விடவில்லை. எழுத்துருக்களை நிறுவிப் படிக்க முடிந்தது என்றாலும், திருத்துவதற்கு யூனிகோடுக்கு மாற்றிப் பிழை பார்ப்பதில் பல மாலைகள் போயின. பள்ளியின் பழைய அச்சுப்பொறியோ லினக்ஸுக்குக் கடைசிவரை இணங்கவில்லை. அதற்காகவே அலுவலக அறையில் ஒரு விண்டோஸ் கணினி இன்றும் இருக்கிறது.

இரண்டாம் ஆண்டில், இணைய இணைப்பு சரியாக இருந்தும் உலாவி எந்தத் தளத்தையும் திறக்காமல் பாதுகாப்பு எச்சரிக்கையே காட்டியது. அரை நாள் வலைக்கம்பிகளைக் கழற்றி மாட்டிய பிறகுதான் திரையின் மூலையில் இருந்த தேதியைக் கவனித்தேன். தாய்ப்பலகையின் மின்கலம் தீர்ந்துபோனதால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. தாம் நம்பத்தக்கவை என்று தளங்கள் உலாவிக்குக் காட்டும் சான்றிதழ்கள் அந்தத் தேதிக்குச் செல்லாதவை. கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும் சிஆர் 2032 மின்கலம் போட்டதும் சரியாயிற்று. லினக்ஸைக் குறை சொல்லிக்கொண்டிருந்த சக ஆசிரியர்களிடம் இதை விளக்குவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

நான்கு தாவல்களைத் திறந்தாலே உலாவி திணறியதால், பழைய டிடிஆர் 2 பட்டைகளைத் தேடி வாங்கி, பத்துக் கணினிகளிலும் நினைவகத்தை 4 ஜிபியாக்கினேன். மின்ட் 19க்கான ஆதரவு 2023 ஏப்ரலில் முடிந்தபோது அவற்றில் மின்ட் 21 ஏறியது. மின்ட் 20 முதலே 32 பிட் பதிப்பு இல்லாததால் பென்டியம் இரண்டும் லினக்ஸின் இன்னொரு வகையான டெபியன் 12க்குப் போயின. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13ஐ 32 பிட் கணினிகளான அவற்றில் நிறுவ வழியில்லை; பழைய பதிப்போடு இணையத்தில் இருப்பது பாதுகாப்பாகவும் தோன்றவில்லை. ஆகவே இணையத்தைத் துண்டித்துத் தட்டச்சுப் பயிற்சிக்கு மட்டும் வைத்திருக்கிறேன். ஆனால் பிள்ளைகள் ஓடிவந்து முதலில் பிடிப்பது அந்த இரண்டு இருக்கைகளைத்தான். மின்விசிறிக்கு நேர் கீழே இருப்பவை அவை.